இல்லிக்குடத்தில் பதினைந்து நாழிகை

மறதியை ஒரு குறையாகவே கருதிப் பழகியது நம் கல்வி மரபு. நன்னூலின் பாயிரம் மாணாக்கரை வகைப்படுத்தும்போது அன்னத்தையும் ஆவையும் தலையில் வைக்கிறது. மண்ணையும் கிளியையும் இடையில் நிறுத்துகிறது. ஊற்றிய நீரையெல்லாம் ஒழுகவிடும் இல்லிக்குடத்தை ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றோடு சேர்த்துக் கடையில் தள்ளிவிடுகிறது. ஆண்டுதோறும் இந்தப் பகுதியை நடத்துகையில் இல்லிக்குடத்திற்காகப் பரிந்து பேச எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் அண்மையில், வேண்டுமென்றே ஓட்டையிட்டுச் செய்த ஒரு குடத்தோடு பழக நேர்ந்தது. அது ஒழுகுவதால்தான் பயன்படுகிறது என்பதை உணர எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின. அந்தப் பழக்கத்தைப் பற்றியே இக்கட்டுரை. கணினிச் செய்தி சற்று மிகுதியாக வரும். இலக்கிய அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் துறை மாணவர்கள் களப்பணியாக வட்டாரச் சொற்களைத் திரட்டி வருகிறார்கள். வயல், கண்மாய், அடுக்களை, தொழுவம், சடங்கு என்று பகுத்துக்கொண்டு, தம் ஊரின் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருவார்கள். அட்டைகளில் தொடங்கிய இவ்வேலை பின்னர் கூகுள் விரிதாளுக்கு மாறியது. இப்போது பன்னிரண்டாயிரம் வரிகளுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. சேர்த்தவற்றை மாணவர்கள் தம் கைப்பேசியிலேயே தேடிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. தனியாக வழங்கி வாடகைக்கு எடுக்கத் துறையில் நிதியில்லை. கணினித்துறை நண்பர் ஒருவர் வழிகாட்ட, ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்னும் ஏற்பாட்டைக் கைக்கொண்டோம். கூகுள் நிறுவனம் 2009இல் வெளியிட்ட இது, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நாம் எழுதும் சிறு நிரல்களைத் தன் வழங்கிகளிலேயே ஓட்டித் தருகிறது. நம் மேசைக் கணினி அணைந்து கிடந்தாலும் நிரல் எங்கோ ஓடும். இலவசம் என்பதால் கட்டுப்பாடுகளும் உண்டு. ஓர் ஓட்டம் 6 நிமிடத்திற்குள் முடிய வேண்டும். ஒரு பயனரின் பெயரில் ஒரே நேரத்தில் 30 ஓட்டங்களுக்கு மேல் கூடாது.

இந்த இரண்டாவது எண்தான் எங்களை முதலில் வருத்தியது. நிரல் எங்கள் துறைக் கணக்கின் பெயரில் ஓடுவதால், தேடுகிறவர் எத்தனை பேராயினும் கணக்குக்கு அவர் ஒருவரே. அறுபது மாணவர் கொண்ட வகுப்பில் ஒரே நேரத்தில் அனைவரும் ஒரு சொல்லைத் தட்டினால் பாதிப்பேருக்குப் பிழைச் செய்தி வரும். ஒவ்வொரு ஓட்டமும் சில நொடிகள் நீள்வதே அதற்குக் காரணம். நொடிகள் குறைந்தால் நெரிசலும் குறையும். ஆகவே ஓட்டத்தின் நேரத்தைச் சுருக்குவது எப்படி என்பது எங்கள் மாலை நேரங்களை விழுங்கிய கேள்வியாயிற்று.

முதற்பாடம் எளியது. விரிதாளை ஒவ்வொரு கட்டமாகப் படிக்கச் சொன்னால் நிரல் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒருமுறை போய்வருகிறது. முழுப்பரப்பையும் ஒரே அழைப்பில் வாங்கிக்கொண்டு நினைவிலேயே தேடினால் பயணம் ஒன்றுதான். ஒவ்வொரு வெற்றிலைக்கும் ஒருமுறை கொடிக்கால் வரைக்கும் நடக்கிறவர் யாரும் இல்லை. கவுளியாகத்தான் வாங்கி வருகிறோம்.

இரண்டாம் பாடத்தில் ஒரு மயக்கம் இருந்தது. வாங்கிவந்த முழுப்பரப்பை நிரலின் உச்சியில் ஒரு பொது மாறியில் வைத்துவிட்டால் அடுத்த தேடலுக்கு அப்படியே உதவாதா என்று தமிழ்த்துறையார் கேட்டோம். உதவாது என்றார் நண்பர். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு ஓட்டமும் புதுப்பிறவி. ஓட்டம் முடிந்த கணத்தில் மாறிகள் யாவும் அழிந்துவிடும். அடுத்த மாணவரின் தேடல் துடைத்த கரும்பலகையோடுதான் தொடங்கும். ஒரே ஓட்டத்திற்குள் ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போடாமல் காப்பதற்கு மாறி போதும். ஓட்டம் விட்டு ஓட்டம் தாண்ட அதற்குக் கால் இல்லை.

மாறி கணத்தில் மறையும். விரிதாள் நிலைத்திருக்கும், ஆனால் தொலைவில் இருக்கும். இவை இரண்டிற்கும் நடுவே ஒன்று வேண்டும். அதுதான் ஆங்கிலத்தில் கேஷ் எனப்படுவது.

இச்சொல்லைச் சற்று விசாரிக்கலாம். மறைத்துவைத்தல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது அது. கணினித்துறையில் இதன் கருத்து முதலில் வேறு பெயரோடு நடமாடியது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதிய சிறு கட்டுரையில் இதை 'அடிமை நினைவகம்' என்ற பெயரால் குறித்தார். பெரிய, மெதுவான நினைவகத்தின் பக்கத்தில் சிறிய, விரைவான ஒன்றை வைத்து, அடிக்கடி வேண்டுவதை அதில் எடுத்துவைப்பது என்பது கருத்து. 1968இல் ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாடல் 85 என்னும் கணினியைப் பற்றி எழுதியபோது கேஷ் என்ற பெயர் வழக்குக்கு வந்தது. பின்னர் வன்பொருளிலிருந்து மென்பொருளுக்கும் வலைக்கும் அக்கருத்து பரவியது. 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டி என்னும் மென்பொருள் பெருந்தளங்கள் பலவற்றின் சுமையை இறக்கிவைத்தது.

தமிழில் இதற்குப் பதுக்ககம் என்று ஒரு சொல் வழங்குகிறது. மூலச்சொல்லுக்கு நெருக்கமானதுதான். ஆனால் ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்தவர்களின் காதில் பதுக்கல் என்பது அரிசியை மறைத்து விலையேற்றுகிறவனின் செயல். இங்கே யாரும் யாரிடமிருந்தும் எதையும் மறைக்கவில்லை. எங்கள் வீட்டு அடுக்களையில் இதற்கு நேரான பொருள் ஒன்று இருக்கிறது: அஞ்சறைப்பெட்டி. மளிகை முழுதும் பரணிலோ பானையிலோ இருக்கும். தாளிக்கிற கைக்கு எட்டும் தூரத்தில் கடுகும் சீரகமும் வெந்தயமும் ஒரு பிடி ஒரு பிடியாக இருக்கும். தீர்ந்தால் பரணிலிருந்து நிரப்பிக்கொள்வார்கள். அஞ்சறைப்பெட்டியில் கடுகு இல்லை என்பதால் வீட்டிலேயே கடுகு இல்லை என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும். கட்டுரையின் பாதிச் சிக்கல் இதில்தான் இருக்கிறது. கலைச்சொல்லாக இடைநினைவு என்பதை நாங்கள் ஆள்கிறோம்.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட் தரும் இடைநினைவின் இலக்கணம் சுருக்கமானது. ஒரு திறவுச்சொல்லும் அதற்குரிய மதிப்பும் கொடுத்து வைக்கலாம். திறவுச்சொல்லைக் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். மதிப்பு எழுத்துச்சரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதால், பல புலங்கள் கொண்ட பதிவை ஜேசன் வடிவில் கட்டித்தான் உள்ளே அனுப்ப முடியும். திறவுச்சொல் 250 எழுத்துருக்களுக்கு மிகக்கூடாது; மதிப்பு 100 கிலோபைட்டுக்கு மிகக்கூடாது. காலம் சொல்லாமல் வைத்தால் 600 நொடி, அதாவது பத்து நிமிடம் இருக்கும். சொல்லி வைத்தால் மிகுதியாக 21,600 நொடி வரை இருக்கும். அது ஆறு மணி நேரம். நம் பழங்கணக்கில் பதினைந்து நாழிகை, இரண்டு சாமம். ஆயிரம் பொருள்களுக்கு மேல் சேர்ந்துவிட்டால், காலாவதிக்கு மிகத் தொலைவில் உள்ள 900ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உதிர்த்துவிடும். நாம் சொல்லும் காலமுங்கூட ஒரு வேண்டுகோள்தான். நெருக்கடி வந்தால் அதற்கு முன்னரே உதிர்த்துவிடும் உரிமை அதற்கு உண்டு. இல்லிக்குடம் என்றோமே, இதுதான்.

ஆகவே இதில் வைப்பதற்கு ஒரு முறைமை வேண்டும். முதலில் இடைநினைவைக் கேள், இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் விரிதாளுக்குப் போ, கொண்டுவந்ததில் ஒரு படியை இடைநினைவில் வைத்துவிட்டுப் பயனருக்குக் கொடு. ஒரே படி என்று எதையும் அதில் வைக்காதே. பன்னிரண்டாயிரம் சொற்களில் ஆயிரத்திற்கு மேல் அதில் தங்காது என்றாலும் எங்களுக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு வகுப்பில் அன்றைய பாடத்தை ஒட்டிய சில சொற்களைத்தான் அறுபது பேரும் தேடுவார்கள். முதல் மாணவருக்கு மட்டும் தாமதம். மற்றவர்களுக்கு விடை உடனே வந்துவிடும். பல சொற்கள் ஒருசேர வேண்டுமானால் ஒரே அழைப்பில் எல்லாவற்றையும் கேட்கும் வசதியும் இருக்கிறது.

தமிழில் செய்யும்போது ஆங்கிலக் கையேடுகள் சொல்லாத இரண்டு இடர்கள் எதிர்ப்பட்டன. ஒன்று எடை. யுடிஎஃப்-8 முறையில் ஒருங்குறித் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட் பிடிக்கும். 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, குறியெண்கள் ஐந்து, பைட்டுகள் பதினைந்து. ஆங்கில எழுத்தாயின் ஐந்தே பைட். ஆகவே அளவுகளைத் தமிழுக்கு மூன்றால் வகுத்துக்கொண்டு திட்டமிடுவதுதான் பாதுகாப்பு. ககர வரிசை முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடலாம் என்ற எங்கள் யோசனை இக்கணக்கில் அடிபட்டது. சொல்லுக்கு ஒரு திறவு என்று வகுத்துக்கொண்டோம்.

மற்றொன்று உருவம். 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒரு மாணவர் ஒரு விசைப்பலகையில் தேடி வைத்த 'கொடுக்காப்புளி' இன்னொரு விசைப்பலகையில் தேடும் மாணவருக்கு உதவாமல் போகும். திறவுச்சொல்லை அமைக்கும் முன் ஒருங்குறியின் சீராக்க முறையொன்றால் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் இது தீரும். ஆனால் ஔகாரத்தை ஒகரத்தோடு ளகரம் சேர்த்து எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதைச் சீராக்கம் தொடாது. அதற்கென்று தனியே ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் கொம்பிலும் காலிலும் கொண்ட மயக்கங்களைப் பதிப்பாசிரியர்கள் எப்படியெல்லாம் தீர்த்தார்கள் என்று பாடம் நடத்துகிற எங்களுக்கு, அதே மயக்கம் உருமாறி எதிரே வந்து நின்றது வேடிக்கையாயிருந்தது.

நிற்க. எவ்வளவு காலம் வைப்பது என்ற கேள்வியில்தான் உண்மையான விவாதம் எழுந்தது. பதினைந்து நாழிகையும் வைப்போம், காலையில் ஒருமுறை நிரம்பினால் மாலைவரை கவலையில்லை என்றார் கணினித்துறை நண்பர். விரைவின் பக்கம் நின்று பார்த்தால் அதுவே சரி. அகராதிச் சொற்கள் மணிக்கொருமுறை மாறுவதில்லையே என்றும் கேட்டார். முடிவு செய்யும் முன் ஒரு வகுப்பில் சோதித்துப் பார்க்கலாம் என்று ஆறு மணி நேரத்தை அமைத்துத் திறந்தோம்.

அன்று கண்மாய் தொடர்பான சொற்கள். கலுங்கு, மடை, மதகு, குமிழி, உள்வாய் என்று தேடல்கள் விரைந்து ஓடின. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. நண்பரின் முகம் மலர்ந்தது. பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் 'நீர்க்கட்டி' என்று தேடினார். அட்டைக்காலத்திலேயே பதிவாகியிருந்த சொல் அது. உடலில் நீர் கோத்துத் திரளும் கட்டி என்று பொருள் வந்தது. அவர் எழுந்து நின்றார்.

"ஐயா, எங்க தாத்தா நீர்க்கட்டி."

வகுப்பில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர்களில் மடை திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை பிரித்துப் பாய்ச்சும் பொறுப்புடையவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பணி அது. இருட்டில் வரப்பின்மேல் நடந்து, ஊருக்கெல்லாம் நியாயமாக நீர் பங்கிட்டுவிட்டு, அறுவடையில் சில மரக்கால் நெல்லைக் கூலியாகப் பெற்றுக்கொண்டவர்கள். இரண்டாம் பொருளாக அதைச் சேர்க்குமாறு சொன்னோம். அவரே தம் கைப்பேசியிலிருந்து சேர்த்தார். விரிதாளில் அக்கணமே ஏறியது. பிறகு பக்கத்தில் இருந்த தோழி மறுபடி தேடினார். கட்டி என்றே வந்தது. மூன்றாமவர் தேடினார். அதே விடை. இடைநினைவு தன் இலக்கணப்படி நடந்துகொண்டது; மாலைவரை அது அப்படித்தான் சொல்லும்.

"சாயங்காலம் வந்துரும்மா, இதுல கொஞ்சம் தாமதம் இருக்கும்" என்றார் நண்பர்.

"சரிங்க சார்" என்று அமர்ந்துவிட்டார் அந்த மாணவி. அந்தச் 'சரிங்க சார்' எங்கள் இருவருக்கும் கேட்டது. சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் நிறுவனங்கள், கேட்டதை ஏற்றுக்கொள்ளும் நாள் வரும்வரை காத்திருந்து பழகிய குடும்பங்களின் விடை அது. மூத்த தலைமுறை மனுக்கொடுத்துவிட்டு எத்தனையோ வாசல்களில் சொன்னது.

அன்று மாலை விவாதம் வேறு திசையில் போயிற்று. காலத்தைக் குறைத்துப் பத்து நிமிடமாக்கினாலும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவருக்கு அவர் சொல் மறுக்கப்படத்தான் செய்யும். எவ்வளவு காலம் என்பதை விட்டுவிட்டு, எப்போது பழையதாகிறது என்று கேட்க வேண்டும் என்றார் நண்பர். விரிதாள் மாறும்போதுதான் பழையதாகிறது. ஆகவே மாற்றுகிற கையே இடைநினைவுக்கும் அறிவிக்க வேண்டும். சொல்லைச் சேர்க்கும் நிரற்பகுதி, விரிதாளில் எழுதி முடித்தவுடன் அந்தத் திறவுச்சொல்லை இடைநினைவிலிருந்து நீக்கிவிடலாம். ஆசிரியர்கள் விரிதாளை நேரே திறந்து திருத்தினால், திருத்தத்தின்போது தானே இயங்கும் விசையொன்றை அமைத்து அதைச் செய்யலாம். நிரல் செய்யும் மாற்றத்திற்கு அந்த விசை இயங்காது. ஆதலால் இரண்டு வாசலிலும் காவல் வேண்டும்.

இதிலும் ஒரு நுண்ணிய இடுக்கு உண்டு. ஒருவர் தேடுகிறார், இடைநினைவில் இல்லை, நிரல் விரிதாளுக்குப் போய்ப் பழைய பொருளைப் படித்துவிட்டது, இன்னும் திரும்பவில்லை. அந்த இடைவெளியில் மற்றொருவர் புதிய பொருளைச் சேர்த்து, இடைநினைவையும் துடைத்துவிடுகிறார். அதன்பின் முதலாமவரின் ஓட்டம் தான் கொண்டுவந்த பழைய பொருளை இடைநினைவில் வைக்கிறது. துடைத்த பலகையில் பழையது மீண்டும் ஏறி, இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும். அரிதுதான், ஆனால் அறுபது பேர் ஒருசேரத் தேடும் வகுப்பில் அரிது நடந்துவிடும்.

இதற்குத் தீர்வு எங்கள் துறையின் பழைய சரக்கிலிருந்து கிடைத்தது என்பதில் சிறு பெருமிதம் உண்டு. சீவகசிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் முதலில் அச்சிட்டது 1887இல். பின்னர்த் திருத்திய பதிப்புகளையும் வெளியிட்டார். பழைய பதிப்பைத் தேடித்தேடி யாரும் எரிக்கவில்லை. மேற்கோள் காட்டுகிறவர் எந்தப் பதிப்பு என்று குறிக்க வேண்டும், அவ்வளவே. அதுபோலத் திறவுச்சொல்லோடு ஒரு பதிப்பெண்ணைச் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்டோம். நண்பர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, இது அவர்கள் துறையிலும் உள்ள முறைதான் என்றார்.

அதன்படி, சொல்லின் முதலெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பெண். நிரலோடு நிலைத்திருக்கும் பண்புக்கிடங்கு என்று தனியே ஒன்று இருக்கிறது. மதிப்பொன்றுக்கு 9 கிலோபைட், மொத்தம் 500 கிலோபைட் கொள்ளும். பதிப்பெண்கள் அதில் இருக்கும். தேடுகிற ஓட்டம் முதலில் பதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டு, அதன்பின்தான் மற்றவற்றைத் தொடும். சேர்க்கிற ஓட்டம் விரிதாளில் எழுதி, எழுதியது படிந்ததை உறுதிசெய்து, பதிப்பெண்ணை ஒன்று கூட்டும். இருவர் ஒரே கணத்தில் கூட்டிவிடாதிருக்க ஒரு பூட்டும் உண்டு. தாமதமாக வரும் பழைய விடை பழைய பதிப்பெண்ணின் கீழ்ப் போய் அமர்ந்துகொள்ளும். அந்த எண்ணை இனி யாரும் கேட்கப்போவதில்லை. அதைத் தேடி அழிக்கும் வேலையும் நமக்கு இல்லை. உரிய காலத்தில் தானே ஒழுகிப்போகும். ஒழுகாத குடமாயிருந்தால் பழம்பதிப்புகள் சேர்ந்து சேர்ந்து இடத்தை அடைத்துவிடும். இல்லிக்குடத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

எஞ்சியது ஒன்று. விரிதாளிலேயே இல்லாத சொல்லை ஒருவர் தேடினால், 'இல்லை' என்பதையும் இடைநினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. வைக்காவிட்டால் அறுபது பேரும் அதே இல்லாத சொல்லுக்காக விரிதாளை முழுதும் துழாவுவார்கள். அஞ்சறைப்பெட்டியில் கடுகு இல்லை என்பதும், வீட்டிலேயே கடுகு இல்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். நிரலுக்கும் இரண்டையும் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். இதற்கு வேறான குறியொன்று வைத்து, அதன் காலத்தை மட்டும் ஒரு நிமிடமாகக் குறுக்கினோம். இருப்பதை ஆறு மணி நேரம் நினைவில் வைக்கலாம். இல்லை என்பதை அவ்வளவு நேரம் சாதிக்கக்கூடாது என்பது எங்கள் இருவரின் ஒருமித்த முடிவு.

திரையில் வரும் தொடரையும் மாற்றினோம். முன்பு 'இச்சொல் இல்லை' என்றிருந்தது. ஒரு பாட்டி தம் வாழ்நாளெல்லாம் புழங்கிய சொல்லை இல்லை என்று சொல்ல ஒரு விரிதாளுக்கு என்ன உரிமை? இப்போது அது, 'இச்சொல் இன்னும் எங்களிடம் வந்து சேரவில்லை. அறிந்தால் தருக' என்கிறது. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். நேரமும் அதேதான் ஆகிறது. ஆனால் அதன்பின் வந்த சொற்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. நீர்க்கட்டிக்கு இப்போது இரண்டு பொருள்கள். அந்த மாணவியின் வேண்டுகோளுக்கிணங்க, கண்மாயின் பொருள் முதலில் வருகிறது.